கானாவுக்கு ஒருத்தி

எட்டரைக்குள் வூஸ்டர் நகர மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று காரை விரட்டிய கானாக்காரி எஃபுவாவை வழியிலேயே போலீஸ்காரர் மடக்கி, அபராதச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, இன்றைக்குத்தான் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி. இதைத் தவறவிட்டால் நவம்பர் தேர்தலில் ஓட்டு இல்லை.

வரிசையில் நின்றபோதுதான் கையிலிருந்த படிவத்தை மறுபடி படித்தாள். அதில் ஒரு கேள்வி: நேர்காணலுக்குப் பிறகு போக்குவரத்துக் குற்றம் உட்பட எதிலாவது மாட்டினீர்களா? நேற்றே வீட்டில் 'இல்லை' என்று அழுத்தமாக டிக் அடித்திருந்தாள்.

"கம்முனு குடுத்துருங்கக்கா," என்றான் பின்னால் நின்ற ருட்டிலியோ. எல் சால்வடார்க்காரன், கூரை வேலை செய்பவன். கால் மணி நேரப் பழக்கம்; அதற்குள் அபராதக் கதையை அவனிடம் சொல்லியிருந்தாள். "காலைல வாங்குன டிக்கெட்டு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொய்ய எழுதிக் குடுத்துட்டு கையத் தூக்கி சத்தியம் பண்ணச் சொல்றியா?"

"அப்ப மாத்துங்க. இந்தாங்க பேனா. உங்கள வெளிய அனுப்பிட்டா உங்க சீட்டுலயும் நானே காலை நீட்டிக்குவேன்."

அவள் 'இல்லை'யை அடித்து 'ஆம்' ஆக்கி, பக்கத்தில் 'இன்று காலை, அதிவேகம்' என்று எழுதினாள்.

மேஜையில் இருந்த அதிகாரி பிரெண்டா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "எவ்வளவு வேகம்?"

"முப்பதுல போற எடத்துல ஐம்பது, மேடம்."

"அப்படி எங்க போனீங்க?"

"இங்கதான்."

பிரெண்டா சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குள் போனாள். ருட்டிலியோவின் படிவத்தை அடுத்த மேஜையில் வாங்கி அவனை உள்ளே அனுப்பிவிட்டார்கள். எஃபுவா மட்டும் வாசலில் நின்றாள்.

உள்ளே ஒலிபெருக்கி முழங்கியது. நாட்டின் பெயரைக் கூப்பிட்டதும் அந்த நாட்டில் பிறந்தவர்கள் எழுந்து அப்படியே நிற்க வேண்டும். ஆங்கில எழுத்து வரிசை. அல்பேனியா: நான்கு பேர். பிரேசில்: ஒரு வரிசையே எழுந்தது, ஒரே விசில். கொலம்பியா. டொமினிகன் குடியரசு. எல் சால்வடார் என்றதும் ருட்டிலியோ எழுந்தான். மேடையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தான். எத்தியோப்பியா.

அறைக் கதவு திறந்தது. பிரெண்டா படிவத்தில் முத்திரையைக் குத்தினாள். "ஓடுங்க! இப்ப மெதுவாப் போனாத்தான் தப்பு!"

"கானா," என்றது ஒலிபெருக்கி.

யாரும் எழவில்லை.

"இருக்கேன்! இருக்கேன்!" கையைத் தூக்கியபடி எஃபுவா நடுவழியில் ஓடி வந்தாள். அல்பேனியாவும் பிரேசிலும் திரும்பிப் பார்த்துக் கைதட்டின. "எங்கக்கா!" என்று ருட்டிலியோ கத்தினான். நாற்காலி வரை போக நேரமில்லை. நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கினாள். குவாத்தமாலா எழுந்தது, ஹைட்டி எழுந்தது, வியட்நாம் எழுந்தது. கீழே உட்கார்ந்திருப்பவர் என்று ஒருவர்கூட மிச்சமில்லை.

வலக்கையை உயர்த்துங்கள் என்றார் நீதிபதி. அவள் இன்னும் இறக்கவே இல்லை.