ஆறாவது மன்றாட்டு

கல்யாணப் பெண்ணின் தலையில் கை வைப்பவளுக்குக் கையும் சுத்தமாக இருக்க வேண்டும், பெட்டியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது சுகுணாவின் கட்டுப்பாடு. அரிமளத்தில் வீட்டு முன்னறையையே பார்லராக்கி ஆறு வருஷம் ஆகிறது. சீப்பு, பிரஷ் எல்லாவற்றையும் முன்கூட்டியே கழுவித் துடைத்து, சாமி படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் வைத்துவிட்டுத்தான் பெட்டியில் அடுக்குவாள். எனக்கு இது வேலை, அந்தப் பொண்ணுக்கு ஆயுசுக்கு ஒரு நாள் என்பாள்.

முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னரையும் அப்படித்தான் இரண்டு நாளைக்கு முன்பே துடைத்து உறையில் போட்டிருந்தாள். இடையில் அது ஒரு தரம் மாடிக்குப் போய்த் திரும்பியது அவளுக்குத் தெரியாது.

பெண் வீடு திருவரங்குளம் பக்கத்தில் ஒரு கிராமம். பெண் பெயர் இனியா. புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பத்தரை மணிக்கு ஊர்க் கோயிலில் திருமணத் திருப்பலி. எட்டரைக்கெல்லாம் முகத்து வேலையை முடித்துவிட்டுச் சுகுணா முடிக்கு வந்தாள். முடியை நேராக்கி, நுனியில் சுருள் விட்டு, மேலே முக்காட்டு நெட்டையும் கிரீடத்தையும் வைப்பதென்று பேச்சு. இனியா போனில் படம் அனுப்பிப் பத்து நாளாகப் பேசி முடிவு செய்தது அது.

காதோரத்துக் கற்றையை எடுத்துச் சூட்டுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வர வேண்டிய கருவி பாதியிலேயே நின்றது. மெல்லப் புகைந்தது.

"என்னக்கா, கருகுதா?"

"ஒண்ணுமில்லம்மா, இரு."

பிரித்துப் பார்த்தாள். தகட்டின் ஓரத்தில் பழுப்பு நிறப் பிசின் உருகி ஓடியிருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு முடி அதில் தோய்ந்து விறைத்து நின்றது. பச்சை இலையையும் தாரையும் ஒன்றாகக் கொளுத்தியதுபோல ஒரு வாசனை எழும்பியது.

சுகுணாவுக்கு அந்த வாசனை புதிதல்ல. பெங்களூரில் வேலை போய்த் தம்பி சிவபிரகாஷ் வீட்டுக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. மாடியறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அது படியில் இறங்கி வரும். கேட்டால் மூலிகைச் சாம்பிராணி, கொசு வராது என்பான். அவள் நம்பினாள் என்பதைவிட, நம்பிக்கொண்டாள் என்பதே சரி. அப்பாவும் அம்மாவும் இல்லை. கணவர் மலையாண்டி மஸ்கட்டில். நம்பாவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவர்கள் நம்பிக்கொள்வார்கள்.

இனியா அந்தக் கற்றையை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளிக்கவில்லை. கண்ணாடி வழியாகச் சுகுணாவைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க."

சாத்தினாள்.

"இது என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பழைய ஹேர் சீரம் என்ற பொய் சுகுணாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இன்னும் இரண்டு மணி நேரத்தில் பீடத்தின் முன் நின்று வாக்குக் கொடுக்கப்போகிற பெண் அது. அந்தக் கண்ணுக்கு நேராகப் பொய் வரவில்லை.

"எந் தம்பிம்மா" என்றாள். "இதை எடுத்து என்ன பண்ணான்னு எனக்குத் தெரியாது. வாசனை மட்டும் தெரியும்."

"நான் எந்த வார்டுன்னு சொல்லியிருக்கேனா?"

"நர்ஸுன்னுதான் தெரியும்."

"போதைய விட வாரவங்க வார்டு. நாலு வருஷமா இந்த வாசனையிலதான் கெடக்கேன். லீவு போட்டு வந்தா, எந் தலைக்கே கொண்டாந்துட்டீங்க."

கோபமா சிரிப்பா என்று சுகுணாவால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் பாதிப் பாதி இருந்தது.

"இது வெறும் கஞ்சா எலை இல்லக்கா. எலையிலேர்ந்து பிசினா எடுத்து, அதைத் தடவிச் சிகரெட் உருட்டுறாங்க. பல மடங்கு ஏறும். வீட்ல எது சூடாகுமோ அதையெல்லாம் எடுத்துக்கிருவாங்க. ஒரு அம்மா எங்க வார்டுக்கு இட்லிக் குண்டானையே தூக்கிட்டு வந்துச்சு, பாருங்க சிஸ்டர், இனிமே இதுல எப்புடி அவிக்கிறதுன்னு. ஒங்க தம்பி விக்கிறானா?"

"தெரியலையே" என்றாள் சுகுணா. அதுவும் உண்மைதான்.

அப்போது கதவு தட்டப்பட்டது. இனியாவின் தாய்மாமன் இன்னாசி. வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"என்னாத்தா, ஒரு மாதிரி வாசனை வருது?"

"முடி கருகிருச்சு மாமா."

"இன்னிக்கே கருக்கியாச்சா. மாப்பிள்ளைக்கு மொட்டைத் தலையாத்தான் காட்டப்போறீகளா? சீக்கிரம், ஃபாதர் நேரத்துக்கு ஆரம்பிச்சிருவாரு." செருப்புச் சத்தம் அங்கிட்டுப் போயிற்று.

"மாமா என்ன வேலை பாக்குறாரு?" சுகுணா மெல்லக் கேட்டாள்.

"ஏட்டு."

சுகுணா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதீங்க. அவருக்கு வருஷம் பூரா சளி, இன்ன வாசனைன்னு பிரிக்கத் தெரியாது" என்றாள் இனியா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் பொய் சொல்லல, முடி கருகத்தான் செஞ்சுது. ஆனா ரெண்டாந்தரம் கேட்டா மறைக்க மாட்டேன். பதினஞ்சு நாள் கழிச்சு, செவ்வாக்கெழமை டூட்டிக்கு வாரேன். அன்னைக்கு அவனைக் கூட்டிட்டு வாங்க. தானா வைத்தியத்துக்கு வாரவங்கள நாங்க காட்டிக்குடுக்குறதில்ல. வரலைன்னா மாமாகிட்ட நானே பேசுவேன். அவன் மேல கோவமில்ல. அவன் கையால வாங்கி இன்னும் நாலு பிள்ளைக இழுக்கக் கூடாதுல்ல?"

சுகுணா தலையாட்டினாள். அதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியாது.

"இப்ப எந் தலைக்கு வழி சொல்லுங்க. பலாப்பழம் அரிஞ்சு கையில பிசின் ஒட்டுனா என்ன செய்வோம்?"

"தேங்கா எண்ணெ" என்று எழுந்தாள் சுகுணா.

அடுப்படியிலிருந்து கிண்ணத்தில் எண்ணெய் வந்தது. சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் நீவி நீவி, பத்து நிமிஷத்தில் பிசின் கழன்றது. ஆனால் எண்ணெய் பட்ட தலைக்கு இனிச் சுருளும் இல்லை, விரித்துப் போடுவதும் இல்லை. படத்தில் இருந்த மணப்பெண் அத்தோடு போனாள். சுகுணா தலை முழுக்க ஒரே சீராக எண்ணெய் தடவி, நெருக்கிப் பின்னி, பின்னல் நெடுக மல்லிகையைச் சுற்றினாள். நெட்டுக்கு உள்ளே அது வெள்ளையாகத் தெரிந்தது.

பின்னும்போது இனியா ஒவ்வொன்றாகக் கேட்டாள். பேரென்ன, எத்தனை வயசு, ஏன் பழகினான்.

"தூக்கம் வரலேங்கிறான். வேலை போனதிலேர்ந்து யாரு மூஞ்சியிலயும் முழிக்கிறதில்ல."

இனியா திருப்பலிப் புத்தகத்தை மடியில் வைத்து, கடைசிப் பக்கத்தில் பேனாவால் ஏதோ எழுதித் தங்கையிடம் கொடுத்தனுப்பினாள். கைத்துடைப்புக் காகிதத்தால் நெற்றியில் வழிந்த எண்ணெயை ஒற்றிக்கொண்டே, "தேங்கா எண்ணெ வாசனையோட வந்தா எங்க வீட்டுக்காரரு ஓடிருவாரா என்ன" என்றாள்.

கோயிலில் சுகுணா பின்வரிசையில் நின்றாள். பார்லரின் இணையப் பக்கத்தில் போட ஒரு ரீல் வேண்டுமே என்று போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். மோதிரம் மாற்றியாயிற்று, தாலி கட்டியாயிற்று. இனியாவின் தங்கை மைக் முன்னால் வந்து மன்றாட்டுகளைப் படித்தாள். திருச்சபைக்காக, நாட்டுக்காக, மணமக்களுக்காக என்று அச்சடித்தவை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் சபை எழுந்து பதில் சொன்னது. ஐந்தும் முடிந்து ஃபாதர் கையை உயர்த்தும் நேரத்தில் அந்தப் பெண் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"தூக்கமின்றி வாடும் சிவபிரகாஷ் என்னும் எங்கள் தம்பிக்காக. அவர் மனநலம் பெற்று, தம் கைகளால் நல்லதையே செய்து வாழ வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

நானூறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

சுகுணா போனை இறக்காமல் அதையும் படம் பிடித்தாள்.

பந்தியில் அவளுக்கு எதிரே இரண்டு பெண்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாருடி அந்தச் சிவபிரகாஷ்? நம்ம ஆளுக மாதிரி பேரு இல்லையே."

"மாப்பிள்ளை வீட்டு டிரைவராம். கிட்னியாம்."

"டிரைவரா? லாரி மோதிருச்சுன்னுல்ல சொன்னாக."

சாம்பார் வாளி அந்த வரிசையைக் கடப்பதற்குள் சிவபிரகாஷுக்கு இரண்டு வியாதியும் ஒரு விபத்தும் சேர்ந்துவிட்டன. இனியாவின் அம்மா சந்தனமேரி அந்தப் பக்கம் வந்தார். அவரைப் பிடித்துக் கேட்டார்கள். "எனக்கும் தெரியலை, இனியா எழுதிக் குடுத்துச்சு" என்றார் அவர்.

சுகுணா இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தாள். வாயைத் திறக்காமல் எழுந்து போய்விடலாம். கடவுள் நம்மைச் சோதிக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சின்னக் கேள்வியாகக் கேட்கிறார்.

"எந் தம்பிங்க" என்றாள்.

"என்ன பண்ணுது?" என்றாள் எதிரே இருந்தவள்.

"தூக்கமில்ல. மனசு சரியில்ல. மாடிய விட்டு எறங்குறதில்ல."

"கிட்னியே தேவலாம்" என்றாள் அவள். கேலியில்லை. "எந் தங்கச்சி மகன் ரெண்டு வருஷம் இப்படித்தான் கெடந்தான். இப்ப கறம்பக்குடியில செல்போன் கடை வச்சிருக்கான். நீ சாப்புடு."

கிளம்பும்போது, பந்திப் பேச்சைக் கேள்விப்பட்டு, வாசலில் இன்னாசி ஒரு பொட்டலத்தோடு நின்றார். "பிரியாணி, தம்பிக்கு. அந்தப் பக்கம் டூட்டி விழுந்தா எட்டிப் பாக்குறேன்னு சொல்லும்மா" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சுகுணா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வர நாலு மணி. அவள் நேரே மாடிக்குப் போனாள். கதவு தாழிடவில்லை. மேசைமேல் மெல்லிய தாள்கள், அடியில் பிசின் ஒட்டிய சின்னக் கண்ணாடிக் குப்பி, செல்போன் வந்த அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் உருட்டி முடித்தவை சாக்பீஸ் அடுக்கியதுபோல ஒரே அளவில் இருந்தன. எதைச் செய்தாலும் அவன் கை நேர்த்தியான கை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

சிவபிரகாஷ் அவள் கையிலிருந்த ஸ்ட்ரெய்ட்னரைப் பார்த்துவிட்டு எழுந்தான். "துடைச்சுத்தான் வச்சேன்கா."

"தொடைச்ச. பொண்ணு முடியில ஒட்டிருச்சு."

"பொண்ணுக்குச் சுட்டிருச்சா?"

முதலில் அதைக் கேட்டானே என்று அவள் மனம் கொஞ்சம் இளகியது. "இல்ல" என்றாள்.

"நான் யாருக்கும் கெடுதல் பண்ணலக்கா. தூங்குறதுக்குத்தான்."

"பெட்டியில இருபது இருக்கு. இருபது பேரா தூங்குற?"

அவன் தரையைப் பார்த்தான். "திருச்சி பசங்க ரெண்டு பேரு சனிக்கெழமை வாரேன்னாங்க. இன்னும் யாருக்கும் குடுக்கல."

சுகுணா சத்தம் போடவில்லை. நடந்ததையெல்லாம், இனியா வைத்த கெடு உட்பட, ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு போனை எடுத்து அந்தப் படத்தை ஓட விட்டாள்.

தன் பெயர் வந்ததும் அவன் நிமிர்ந்தான். "யாரு இது?"

"நீதான்."

"இன்னொருக்கா போடு."

போட்டாள். நானூறு குரல் அந்தச் சின்ன அறையில் கரகரத்தது. அவன் மூன்றாம் தரமும் கேட்டான்.

"இவங்களுக்கெல்லாம் நான் யாருன்னு தெரியுமா?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது. தெரியாமலேதான் வேண்டிக்கிட்டாங்க."

அவன் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றான். முதுகு மட்டும் இரண்டு தடவை குலுங்கியது. சுகுணா பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். வெகுநேரம் கழித்து அவன் வந்து உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தான்.

"இதையும் அவங்களா குடுத்தாங்க?"

"ஏட்டையா குடுத்தாரு. எட்டிப் பாக்க வாரேன்னாரு."

கை வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது. அழுகையோடு கலந்த சிரிப்பு, ஆனாலும் சிரிப்புதான்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் பெட்டியையும் குப்பியையும் எடுத்துக்கொண்டு போனான். கழிவறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் ஒருமுறை, இருமுறை, பலமுறை கேட்டது.

ஒரே நாளில் யாரும் மாறிவிடுவதில்லை. அந்தப் பதினைந்து நாளில் அவன் சரியாகத் தூங்கவில்லை. மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை. சனிக்கிழமை போன் விடாமல் அடித்தது. கடைசியில் அவனே அதை அணைத்துக் கொண்டுவந்து அவள் மேசை இழுப்பறைக்குள் போட்டான். மறுநாள் சாயந்திரம் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோனான். சுகுணா வாசலில் நின்று கந்த சஷ்டிக் கவசம் முழுவதும் சொல்லி முடிக்கும்போது திரும்பி வந்தான். கையில் ஒன்றுமில்லை. ஸ்ட்ரெய்ட்னரைக் கேட்டு வாங்கி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தகடு பளபளக்கும்வரை துடைத்துக் கொடுத்தான். அவள் அதைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்தாள். ஆனால் இனி யார் தலையிலும் அதை வைக்கப் போவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் எட்டு மணிக்குக் குளித்துவிட்டுக் கீழே நின்றான். "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல" என்றான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர்களுக்கு முன் ஏழு பேர். சிவபிரகாஷ் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தான். சுகுணா அவனைப் பிடித்து வைக்கவில்லை. வாசல் திறந்தேதான் இருந்தது.

இனியா வெளியே வந்தாள். மருதாணி இன்னும் கையில் முழுதாக மங்கவில்லை. தொப்பிக்குக் கீழே எண்ணெய் தடவிய அதே பின்னல். சுகுணாவைப் பார்த்துக் கண்ணால் சிரித்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்து, முன்பின் தெரியாதவளைப்போல நிதானமாகப் பேரைப் படித்தாள்.

"சிவபிரகாஷ்."

அன்றைக்கு அந்தப் பேருக்கு நானூறு பேர் எழுந்து நின்றார்கள். இன்றைக்கு அவனே எழுந்தான்.

"இருக்கேங்க" என்றான்.