மேற்கோரத்து மூன்று சால்

வீரமுத்து இஸ்திரி போட்ட சட்டையோடு சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் போய் நின்றதை, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பஸ் வந்தும் இரண்டு பேர் ஏறவில்லை. பெண்சாதி ஆண்டாள், மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்ளத் தாம்பரம் போய் மூன்று வருஷம். பேத்தி பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டது, ஆண்டாள் திரும்பியபாடில்லை. இந்த நிலைமையில் ஓர் ஆண்பிள்ளை காலை ஏழு மணிக்கு இஸ்திரிச் சட்டை போட்டால் ஊர் என்னதான் நினைக்கும்? ஆனால் அவர் வந்த காரியம் ஊர் நினைத்ததைவிட வெட்கக்கேடானது. களை எடுக்க ஆள் கூப்பிட வந்திருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்புவரை அவருடைய இரண்டு ஏக்கர் மக்காச்சோளத்தில் களை வெட்டியது சின்னப்பொண்ணின் பதினோரு பெண்கள் செட்டுதான். ஒருநாள் வரச்சொல்லியிருந்தார். பதினோரு பெண்களும் களைக்கொத்தோடு வரப்பில் வந்து நின்றபோது, இவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் டேங்க்கைச் சுமந்து களை மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முந்தின சாயங்காலம் மருந்துக்கடையில் வந்த ஞானம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துண்டை அவிழ்க்கச் சோம்பல். கோழியை விரட்டுகிற மாதிரி கையை ஆட்டினார். அவர்களும் கோழிகளைப் போலவே திரும்பிப் போனார்கள். அப்புறம் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

மருந்து என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தது. சோளக்காடு கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி இருந்தது. யார் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு இல்லை, எந்த மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துவிட்டு பஜ்ஜியை மட்டும் பாராட்டினான் என்பதெல்லாம் முன்பு அந்தச் சால்களில்தான், செடி வரிசைகளுக்கு நடுவில்தான் விளைந்தது. அது நின்றுபோனதை அவர் கவனிக்கவே இல்லை. மருந்து அடிக்கிறவரோடு யார் பேசுவார்கள்? நாற்றம் படாமல் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக விலகி நடப்பார்கள். ஆண்டாள் இருந்தவரை வீட்டில் சண்டையாவது நடந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டாயா என்று கேட்பாள். இவர் ‘ம்’ என்பார். ஒரு வாரத்துக்கு அவருடைய பேச்சு அவ்வளவுதான்.

இந்த வருஷம் முள்ளுக்கீரை சாகவில்லை. மருந்தை இரண்டு மடங்கு கலந்து அடித்தார். சோளத்தின் தோகை கருகியது. கீரை தளதளவென்று நின்றது. வேளாண்மை ஆபீசிலிருந்து இசைவாணி என்ற பெண் வந்து பார்த்தாள்.

“வருஷா வருஷம் ஒரே மருந்தையே அடிச்சிருக்கீங்கய்யா. சாவறதெல்லாம் செத்துப்போச்சி. சாவாதது விதை வுட்டு, இப்ப காடு பூரா அதோட வம்சந்தான்.”

“அப்ப இன்னா பண்றது?”

“கையாலதான் புடுங்கணும். விதை கொட்றதுக்குள்ள, ஒரு செடி வுடாம. வரப்புல போடாதீங்க, சாக்குல கட்டி வெளிய கொண்டாந்து கொளுத்துங்க. அடுத்த போகம் சோளத்த மாத்தி உளுந்து போடுங்க. ஒரு வாரந்தான் டைமு.”

அதனால்தான் இஸ்திரிச் சட்டை. சின்னப்பொண்ணு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“இன்னா மாமா, வழி தவறி வந்துட்டீங்களா?”

“களை எடுக்கணும் சின்னப்பொண்ணு.”

“ஏன், மருந்து இன்னா ஆச்சி?”

“கேக்க மாட்டேங்குது.”

“அன்னிக்கிக் கைய ஆட்டித் தொரத்துனீங்களே, அதே மாதிரி கைய ஆட்டிக் கூப்டுங்க, பாக்கலாம்.”

வீரமுத்து தெருவைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி ஆட்டினார். பஸ்ஸை விட்டவர்கள் சிரித்தார்கள், விட்டது வீண்போகவில்லை. சின்னப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. “நாளைக்கி வரோம்” என்றாள்.

வந்தார்கள். இடுப்பளவு சோளத்துக்குள் பதினோரு முந்தானைகள் தெரிந்தன. காடு முழுக்கப் பேச்சு. வீரமுத்து தண்ணீர் கொண்டுபோனார், டீ கொண்டுபோனார், யாரும் கேட்காமலே வெற்றிலை கொண்டுபோனார். “மாமா இப்பிடி உபசாரம் பண்ணா ஆண்டாளக்கா ஏன் தாம்பரத்துல இருக்குது?” என்று தேவிப்ரியா கேட்டாள். செட்டிலேயே சின்னவள், வாய் மட்டும் பெரிசு. அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மூன்று வருஷத்தில் அந்தக் கேள்வியை முகத்துக்கு நேராகக் கேட்டவள் அவள் ஒருத்திதான் என்று தோன்றியது.

சாயங்காலம் மேற்கோரத்தில் மூன்று சால்தான் மிச்சம்.

“போதும், நாளைக்கி வாங்க” என்றார் வீரமுத்து.

“அர மணி நேர வேல மாமா. முடிச்சிட்டே போயிடறோம்.”

“வெயிலு ஜாஸ்தியா இருக்குது.”

சூரியன் மலைக்குப் பின்னால் பாதி இறங்கியிருந்தது. சின்னப்பொண்ணு மலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் பதினோரு பேருக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. வெயில் ஏற ஏற மூன்று சாலிலும் கீரைக் கதிர்கள் பழுத்து நின்றன. விரலால் தொட்டார், கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு விதைகள் உள்ளங்கையில் உதிர்ந்து வியர்வையில் ஒட்டிக்கொண்டன. பதறிப்போய் போன் போட்டார்.

“தியாகதுருகம் வந்துட்டோம் மாமா, பருத்திக் களைக்கி. வேன் வந்துச்சி, ஏறிட்டோம். மூணு சாலுதான, நீங்களே புடுங்கிடுங்க” என்ற சின்னப்பொண்ணு, போனை அணைக்காமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது. சேலை உரசுகிற சத்தம், பிறகு களைக்கொத்து மண்ணில் இறங்குகிற சத்தம், அதற்கு மேல் பெண்களின் பேச்சு.

அணைக்கத்தான் விரலைக் கொண்டுபோனார். யாரோ ஒருத்தியின் கொழுந்தன் கதை ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கவில்லை. பேச்சு வெளியே கேட்கும்படி வைத்துப் போனைச் சட்டைப்பையில் நிமிர்த்திக்கொண்டார். குனிந்து முதல் செடியைப் பிடுங்கிச் சாக்கில் போட்டார். முள் கையைக் கிழித்தது. கொழுந்தன் மூன்றாவது முறையாக வேலையை விட்டிருந்தான்.

பாதிச் சாலில் தேவிப்ரியாவின் குரல் வந்தது. “யக்கா, அந்தாளு வேணும்னேதான் மூணு சால வுட்டாரு, இல்ல?”

வீரமுத்து செடியும் கையுமாக நின்றார். தியாகதுருகத்தில் களைக்கொத்துகளும் நின்றன.

“வாய மூடிக்கினு வேலயப் பாருடி” என்றாள் சின்னப்பொண்ணு.

யாரும் சிரிக்கவில்லை. களைக்கொத்துகள் மறுபடி இறங்கத் தொடங்கின. தன் பக்கத்துச் சத்தம் அங்கே கேட்டுவிடக் கூடாதே என்று, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, செடியை வேரோடு மெதுவாகச் சாக்குக்குள் இறக்கினார்.