மர்ஹூம் போடாத பெயர்

உம்மாவின் தலையைத் தாங்கியிருந்த பரீனாவின் கைகள் அப்படியே நின்றுபோயின. பின்வளவில் நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்து மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீர் அவளுடைய முழங்கை வழியாக வழிந்து சட்டையை நனைத்தது. அவள் கவனம் முழுக்கப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இருந்தது.

"ஜனாஸா அறிவித்தல். கடற்கரை வீதியைச் சேர்ந்த கைருன்னிஸா அவர்கள் இன்று காலை வபாத்தானார்கள். அன்னார் மர்ஹூம் அபூசாலி அவர்களின் அன்பு மனைவியும், ஸலாஹுதீன், பரீனா ஆகியோரின் தாயாருமாவார்..."

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முதல் தடவை இதைச் சொன்னபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. இப்போது ஒவ்வொரு சொல்லும் ஏறியது. தன் பெயருக்குப் பிறகு இன்னொரு பெயர் வரும் என்று காத்திருந்தாள். மோதினார் நேரே நல்லடக்கத்துக்குப் போய்விட்டார். அஸர் தொழுகையின் பின், மையவாடியில்.

"அஸ்கிட பேர் எங்க?" என்று கேட்டேவிட்டாள்.

"மையித்துக்கு முன்னால சத்தம் போடாத புள்ள," என்றார் ஆகிலா மாமி. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண் மௌத்தானாலும் குளிப்பாட்ட வருகிறவர் அவர்தான். "தலைய இஞ்சால திருப்பு. காதுக்குள்ள தண்ணி போகப்போகுது."

பரீனா திருப்பினாள். அந்தக் காதுக்குக் கேட்டிருந்தால் உம்மா இந்த நேரம் எழும்பி உட்கார்ந்து பள்ளிவாசலோடு சண்டைக்குப் போயிருப்பாள்.

அஸ்கி பரீனாவின் தம்பி. கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஏழு வயது. ஊரில் எல்லோரிடமும் அந்த நாளின் ஒன்பது மணி ஒன்று இருக்கிறது. ஒருத்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், ஒருத்தி பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் போன பிறகும் கேட்ட உடனே நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். உம்மாவுக்கு மட்டும் எல்லாம் எட்டரைக்கே முடிந்துவிட்டது. இடியப்பத்துக்குச் சீனி கேட்டு அஸ்கி அடம்பிடித்தான். விடிந்ததிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்த உம்மா, "போ, போய் மாமிட ஊட்ட தின்," என்று கத்திவிட்டாள். வாப்பாவின் தங்கையான அந்த மாமியின் வீடு கடலோரத்தில் இருந்தது. ரோஷக்காரப் பிள்ளை, போய்விட்டான். மாமியின் மையித்து மறுநாள் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, காணாமல்போனவர்களுக்கு மரணப் பத்திரம் எடுப்பதற்கான படிவத்தை மூத்தவன், ஸலாஹுதீன் காக்கா, நிரப்பிக்கொண்டு வந்தான். அப்போது அவனுக்கு இருபது வயது. மௌத்தான ஆண்களின் பெயருக்கு முன்னால் வைக்கும் மர்ஹூம் என்ற சொல்லை யாரும் கேட்காமலே அஸ்கியின் பெயருக்கு முன்னாலும் எழுதியிருந்தான். உம்மா படிவத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

"போகச் சொன்ன வாயால மௌத்தெண்டும் சொல்லச் சொல்றியாடா?"

மூன்று மாதம் அவனோடு கதைக்கவில்லை. அதன் பிறகு எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் உம்மா மூன்று என்பாள். கிராம சேவகர் இரண்டு என்று எழுதிக்கொண்டு போவார்.

உம்மாவுக்குக் கபன் துணி பொதிந்து முடித்ததும் பரீனா காக்காவைத் தேடினாள். ஆண்கள் நிறைந்திருந்த முன்வளவுக்கு அவள் போக முடியாது. போன் எடுத்தாள், வெட்டினான். மறுபடி எடுத்தாள், மறுபடி வெட்டினான். நாலாவது தடவைதான் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீங்க எழுதிக் குடுத்ததில அஸ்கி ஏன் இல்ல?"

"மெதுவாக் கதை. ஆக்கள் இரிக்காங்க."

"ஆக்களுக்குத்தானே அறிவித்தல். ஏன் இல்ல?"

"எழுதினா மர்ஹூம் போடணும். போட்டா உம்மாக்கு ஏலா. போடாட்டி ஊர் சிரிக்கும். என்னத்தச் செய்ற? உட்டுட்டன்."

"அவ மூணு புள்ள பெத்தவ, காக்கா."

"எனக்குத் தெரியாதா?" அவன் குரல் உயர்ந்து உடனே தணிந்தது. "ஒருக்கா எழுதிட்டு மூணு மாசம் உம்மாட வாயப் பாத்துக்கிட்டுத் திரிஞ்சவன் நான். மௌத்தாகிக் கிடக்கிறவட்டயும் பேச்சு வாங்கச் சொல்றியா?"

"ரெண்டு மகன்மார் நிண்டு ஆளுக்கு மூணு பிடி மண் போட வேண்டிய கபுறு அது. ஒராள்தான் போகப்போறீங்க. மத்தவன்ட பேராவது போகட்டும்."

ஸலாஹுதீன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். முன்வளவிலிருந்து யாரோ கதிரை பற்றாது என்று கூப்பிட்டார்கள். அதுதான் சாட்டென்று போய்விட்டான். பரீனாவுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்த பானையைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது. உம்மா போன நாளில் உம்மாவுக்காக அழக்கூட விடாமல் ஒரு பெயருக்காக மாரடிக்க வைத்துவிட்டார்களே என்று எரிச்சலாக வந்தது.

அவளே மோதினாருக்கு அழைத்தாள்.

"எழுதித் தந்ததத்தான் மகள் வாசிச்ச," என்றார் அவர். "சேக்கிறதுக்கு என்ன, லுஹருக்கு முந்தி இன்னொருக்கா சொல்லுவம். மர்ஹூம் அஸ்கி எண்டு வாசிக்கிறன்."

"மர்ஹூம் போடாதீங்க."

"அது எப்பிடி மகள்? மர்ஹூம் இல்லாட்டி, அஸ்கி எங்க இரிக்கான் எண்டு ஆக்கள் கேப்பாங்களே."

"கேக்கட்டும். உம்மா இருவது வருஷமா அதத்தானே கேட்டா."

"கடல் வந்தண்டைக்கு என்ட மகளுக்கு ஒருத்தரும் அறிவித்தல் வாசிக்கல்ல," என்றார் மோதினார். "பள்ளியில மைக்கும் இல்ல, கரண்டும் இல்ல. பேர் சொல்லாமத்தான் அடக்கின." பிறகு தொண்டையைச் செருமினார். "பாப்பம் மகள்."

பாப்பம் என்றால் இந்த ஊரில் பெரும்பாலும் மாட்டேன் என்றுதான் அர்த்தம். பரீனா போனை வைத்துவிட்டு உம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுற்றியிருந்த பெண்கள் வழக்கம்போலத் தங்கள் தங்கள் ஒன்பது மணியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலடி வீட்டு மையித்து என்றால் கதை எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கும். அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழும்பிப் போகவும் முடியவில்லை.

நடுப்பகலில், லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒலிபெருக்கி கரகரத்தது. கடற்கரை வீதி, கைருன்னிஸா, மர்ஹூம் அபூசாலி, எல்லாம் காலையில் சொன்ன மாதிரியே வந்தன. பரீனா முந்தானையை விரலில் சுற்றி இறுக்கினாள்.

"...ஸலாஹுதீன், பரீனா..." மோதினார் நின்றார். மூச்சு எடுப்பது கேட்டது. "...அஸ்கி ஆகியோரின் அன்புத் தாயாருமாவார்."

கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார்கள். "என்னகா இது? அஸ்கியெண்டா அந்தப் பொடியன்தானே, அவன்..." என்று ஒருத்தி தொடங்கினாள்.

"ஓம், அவன்தான்," என்றார் ஆகிலா மாமி. "மூணு புள்ள. அவன் பொறந்தண்டைக்கு நான் இந்த ஊட்டதான் இரிந்த."

பரீனா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். ஸலாஹுதீன் முன்வளவின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையை ஏந்திக்கொண்டு நின்றான். வயதான ஒருவர் அவன் காதுக்குள் ஏதோ கேட்டார். அவன் கதிரையைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு வெளியே போனான்.

அஸருக்கு மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்கும்போதும் அவன் அவளைப் பார்க்கவில்லை. கோபம்தான் என்று முடிவு செய்துகொண்டாள். இனி எத்தனை மாதம் கதைக்காமல் இருக்கப்போகிறானோ, உம்மாவின் பிள்ளைதானே. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கலிமா சொல்லிக்கொண்டு போன ஆண்களின் குரல் வீதி திரும்பித் தேய்ந்து போகும்வரை யன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அஸர் வெயில் சரிந்த பிறகு ஸலாஹுதீன் பின்வளவு வழியாக வந்தான். சாரத்தின் ஓரத்திலும் முழங்காலிலும் மையவாடி மணல் ஒட்டியிருந்தது. கிணற்றடியில் குந்திக் கைகளை நீட்டினான். பரீனா வாளியைத் தூக்கி ஊற்றினாள். விரல் இடுக்கிலிருந்து மணல் கரைந்து போனது.

"பின்னால நிண்ட ஆக்கள் ஒரு மாதிரியாப் பாத்தாங்க," என்றான்.

"ஏன்?"

"மூணு பிடியோட எழும்பாம, நான் ஆறு பிடி போட்ட."

அவள் வாளியை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். அவன் இன்னும் கைகளை நீட்டியபடியே இருந்தான். இன்னொரு வாளி தண்ணீர் அள்ளினாள்.