முனிகிருஷ்ணனுக்குப் பேச்சு வந்த செய்தி

புதுவாயல் கூட்டு ரோட்டிலும் சுற்றியுள்ள பதினெட்டுக் கிராமங்களிலும் வாழும் பெருமக்கள், கைவேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று 1973ஆம் ஆண்டு ஆடி மாதம் வெளியானது. ஒன்பது மாதமாக வாய் பேசாதிருந்த விவசாயி முனிகிருஷ்ணனுக்குப் பேச்சு வந்துவிட்டது. செய்தியை வெளியிட்டவர் அவருடைய தம்பி, ‘சொல்லின் சிங்கம்’ துளசிராமன். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. நோட்டீஸ் அச்சடித்த செலவு அவருடையது.

வந்த பேச்சு ஒரே ஒரு சொல்: சரி.

பக்கவாதம் முனிகிருஷ்ணனின் வலது கையையும் மற்ற எல்லாச் சொற்களையும் கொண்டுபோய்விட்டு, ஒன்பது மாதம் கழித்து அதை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தது. சாப்பிட்டாயா என்றால் சரி. சாப்பிடவில்லையா என்றாலும் சரி.

அவருக்குப் பயிற்சி கொடுத்தவள் சாராள். மைசூரில் படித்துவிட்டு வந்து, சைக்கிள் கடை மாடியில் ‘பேச்சுப் பயிற்சி நிலையம்’ என்று போர்டு மாட்டியவள். முதல் மாதம் வந்தவர்கள் அத்தனை பேரும் மேடைப் பேச்சாளர்கள். துளசிராமனும் வந்தார், கர்ஜனை போதவில்லையாம். இங்கே பேச முடியாதவர்களுக்குத்தான் பயிற்சி, நிறுத்த முடியாதவர்களுக்கு இல்லை என்று அனுப்பிவைத்தாள். பிறகுதான் கனகாம்பாள் தன் கணவர் முனிகிருஷ்ணனைக் கைத்தாங்கலாக மாடியேற்றிக் கொண்டுவந்தாள்.

சாராளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. முதல் பத்து நிமிடம் வந்தவரோடு தனியாகத்தான் இருப்பாள். சொந்தக்காரர்கள் கீழே பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் இருந்தால் கேள்வி இவரிடம் போகும், பதில் அவர்களிடமிருந்து வரும். கனகாம்பாளுக்கே இந்தச் சட்டம்தான்.

நோட்டீஸ் வெளியான வாரமே துளசிராமன் அண்ணனை அழைத்துக்கொண்டு மாடியேறினார்.

“அண்ணனுக்குப் பேச்சு வந்துடுச்சுன்னு ரெண்டு வரி சர்ட்டிபிகேட் எழுதிக் குடும்மா. பாக்டரி கட்டக் கம்பெனிக்காரன் நெலத்தை வாங்க வந்து நிக்கிறான்.”

“நிலத்தை விக்கணும்னு இவர் சொன்னாரா?”

“ஊரு முன்னாடி கேட்டேன். இன்னாண்ணே, நெலத்தை வித்துடலாமா?”

“சரி,” என்றார் முனிகிருஷ்ணன்.

“பெரியவரே, விக்க வேணாமா?” என்றாள் சாராள்.

“சரி.”

“மனுசனைப் போட்டுக் கொயப்பிக்கினு இருக்கறியேம்மா. சர்ட்டிபிகேட்டைக் குடு, அடுத்த கூட்டத்துல உனக்குப் பொன்னாடை.”

“தர மாட்டேன்.”

“கீய சைக்கிள் கடை வெச்சிருக்கிறவன் நம்ம ஆளு. நான் ஒரு வார்த்தை சொன்னா மறுநாளே போர்டு எறங்கிடும்.”

“எறங்கட்டும். மரத்தடியில உக்காந்து பாக்கிறேன்.”

நான்காம் நாள் கனகாம்பாள் தனியாக வந்தாள்.

“சர்ட்டிபிகேட் இல்லன்னா இன்னா, ஆளே வந்து சரின்னு சொல்லுவாருன்னு நாளைக்குக் காலையில கொயுந்தனாரு பத்திர ஆபீசுக்கு இட்டுக்கினு போறாராம். நான் வாயத் தொறந்தா, பொம்பளைக்கு இன்னா தெரியும்ன்றாரு. மூணு ஏக்கராதான் டாக்டரம்மா. அதுவும் போச்சுன்னா அவரு ஊட்டு வாசல்ல சோத்துக்கு நிக்கணும்.”

“நான் டாக்டர் இல்லம்மா,” என்றாள் சாராள். “ஆனா வரேன்.”

பத்திர ஆபீஸ் பதிவாளருக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. அதுவரை வம்பு எதுவும் வராமல் இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை.

“சொந்த இஷ்டத்துல எழுதிக் குடுக்கறீங்களா?”

“சரி.”

துளசிராமன் சபையைப் பார்ப்பதுபோல் குமாஸ்தாக்களைப் பார்த்தார். சாராள் முன்னால் வந்தாள்.

“ஐயா, நான் இவருக்குப் பயிற்சி குடுக்கறவ. நானும் ஒரு கேள்வி கேக்கறேன். பெரியவரே, உங்க தம்பி துளசிராமன் செத்துப் போயிட்டாரா?”

“சரி,” என்றார் முனிகிருஷ்ணன், கணீரென்று.

பத்திரம் எழுதுகிறவர்கள் பேனாவை வைத்துவிட்டார்கள்.

“அது வேற சரி, சார்,” என்றார் துளசிராமன்.

பதிவாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாமே கேட்டார். “இந்தப் பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுடலாமா?”

“சரி.”

“அப்போ இவருக்கு என்ன வேணும்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?”

“தம்பி வெளியே இருக்கட்டும். அம்மாவும்தான். பத்து நிமிஷம் போதும்.”

“நான் யாரு தெரியுமா?” என்று சொல்லின் சிங்கம் ஆரம்பித்தது. பியூன் அதைப் புளியமரத்தடியில் கொண்டுபோய் விட்டான்.

சாராள் மேஜைமேல் இரண்டு அட்டைகளை வைத்தாள். ஒன்றில் நெற்கதிர் நிற்கும் வயல். மற்றதில் புகைபோக்கி. “உங்க நிலத்துல எது இருக்கணும்?” முனிகிருஷ்ணனின் இடது கை வயல்மேல் விழுந்தது. அட்டைகளை இடம் மாற்றினாள். கை வயலைத் தேடிப் போனது. இன்னொரு முறை மாற்றினாள். இத்தனை சொல்லியும் விளங்கவில்லையே என்ற கோபத்தில் அவர் புகைபோக்கியை எடுத்து மேஜைக்கு அடியில் எறிந்தார்.

பதிவாளர் குனிந்து அதை எடுத்து சாராளிடம் கொடுத்தார். பிறகு, எழுதிக் கொடுப்பவருக்குச் சம்மதமில்லை என்று காரணம் எழுதிப் பதிவை மறுத்துக் கையெழுத்துப் போட்டார். துளசிராமன் புளியமரத்தடியில் யாரோ நான்கு பேருக்கு நீதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சொன்னபடி மறுநாளே போர்டு இறங்கியது. சாராள் அதை எதிர்ச்சாரியில் மாவு மில் திண்ணையில் மாட்டிக்கொண்டாள். செவ்வாயும் வெள்ளியும் முனிகிருஷ்ணன் தவறாமல் வந்தார்.

அந்தப் போகம் அவர் நிலத்தில் நெல் சுமாராகத்தான் விளைந்தது.