இடப்பக்கக் கம்பி

நிரஞ்சனி அக்காவின் வீட்டுப் படிகளை என் போனில் நான்தான் படம் பிடித்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வீதியிலிருந்து செங்குத்தாக மேலே போகும் சீமெந்துப் படிகள். பாதி வழியில் ஒரு கொய்யா மரம் நிற்கிறது. இறங்கி வரும்போது அந்த இடத்தில் படிகள் வலப்பக்கம் வளையும். இடப்பக்கம் ஒன்றுமில்லை. நேரே கீழே, மழைத் தண்ணீர் ஓடும் கருங்கல் கான்.

அக்காவுக்கு எம்.எஸ். நரம்புகளின் மேலுறை அங்கங்கே பழுதாகும் நோய். கால்களில் பலம் இருக்கிறது. மூளை அனுப்பும் செய்திதான் வழியில் தேய்ந்து போகிறது. இடது கை மரத்துவிட்டது. உடம்பு சூடானால் பார்வையும் மங்கும். அதனால் கண்டியில் எங்கள் பயிற்சி அறையை எப்போதும் குளிராக வைத்திருந்தோம். நோயாளி வீ.ஆர். ஹெட்செட்டை அணிந்துகொண்டு, கூரையிலிருந்து தொங்கும் வாரில் இடுப்பைக் கட்டி, ஒரு பலகையில் ஏறி இறங்குவார். கண்ணுக்குள் அவருடைய சொந்த வீட்டுப் படிகள் தெரியும். ஹெட்செட்டில் வரும் வெளிநாட்டுப் பூங்காவில் நடக்கப் பழகி என்ன பயன் என்று கேட்டு இதைத் தொடங்கியவர் செசிலியா மிஸ். அவர்தான் எங்கள் ஆய்வின் பொறுப்பாளர். நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை.

என் படங்களை ஒட்டிப் படிகளைக் கணினியில் கட்டியவன் திலக்ஷன். முதல் நாளே அக்காவுக்குத் தலை சுற்றியது. காரணம் எங்களுக்கு உடனே விளங்கியது. அறையில் இடது பக்கம் பிடித்து நடக்க ஒரு கம்பி உண்டு. கை அதைப் பிடித்திருக்கிறது, கண்ணுக்கு அது தெரியவில்லை. கையும் கண்ணும் சண்டை போட்டால் மூளை தடுமாறும். திலக்ஷன் அன்று பின்னேரமே கணினிப் படிகளின் இடப்பக்கத்தில் பச்சை நிறக் கம்பி ஒன்றை வரைந்தான். அதன் பிறகு தலை சுற்றவில்லை.

கொய்யா மர வளைவில் களைப்பாற வேண்டும் என்பது பயிற்சியின் விதி. இடப்பக்கம் முழுப் பாரத்தையும் கம்பியில் சாய்த்து நிற்க வேண்டும். இதயத் துடிப்பு இறங்கியதும் ஹெட்செட்டில் ஒரு சின்ன மணி அடிக்கும். மணி அடித்த பிறகுதான் அடுத்த படி.

அக்கா நோய் வருமுன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். எதையும் கூர்ந்து பார்ப்பார். கொய்யாவுக்குப் பக்கத்துப் படியின் மூலை உடைந்திருக்கும், அதைக் காணவில்லை என்று திலக்ஷனைப் பிடித்துக்கொண்டார். “நீர் என்ரை சுவரிலை பாசியையும் துடைச்சுப்போட்டீர். அவரிட்டை எத்தினை வருசமாச் சொல்லுறன், ஒருநாளும் செய்யேல்லை” என்றார். நாங்கள் சிரித்தோம். திலக்ஷன் மூலையை உடைத்தான், பாசியைத் திரும்பப் பூசினான். படிகள் உண்மையான படிகள் போலவே ஆகிவிட்டன.

அவர் என்பது மகேந்திரராசா, அக்காவின் கணவர். கம்பளையில் தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில், படியே இல்லாத வீடொன்று பார்த்துக்கொண்டிருந்தார். நிரஞ்சனி அக்காவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அங்கே போனால் முதலில் கதிரை, பிறகு கட்டில், அவ்வளவுதான் என்று ஒருநாள் வாரை அவிழ்க்கும்போது என்னிடம் சொன்னார். தனியாகப் படி இறங்கி வீதிக்கு வந்து காட்டிவிட்டால் அவர் வாய் திறக்க மாட்டார் என்றும் சொன்னார்.

அக்கா நன்றாக முன்னேறினார். அவருடைய முன்னேற்றத்தைக் காட்டும் வரைபுகள் எல்லாம் மேலே ஏறின. செசிலியா மிஸ் அவற்றை ஒரு கூட்டத்தில் காட்டினார்.

அக்காவின் கையை நான் கவனித்தது அதற்குப் பிறகு. பயிற்சி முடிந்து கொரிடோரில் நடந்து போகும்போது அவருடைய இடது கை இடுப்புயரத்தில் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ சுற்றி வளைந்திருந்தன. அங்கே காற்றுதான் இருந்தது. கொரிடோர் முடியும் மட்டும் கை அப்படியே வழுக்கிக்கொண்டு போனது.

அடுத்த கிழமை மகேந்திரராசா என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். மருந்து ஏதும் மாற்றினோமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நான் படியிலை கிடந்த கம்பியைக் கழட்டி வித்துப்போட்டனாம். தன்னைக் கம்பளைக்குக் கொண்டுபோகத்தான் அப்பிடிச் செய்தனாம். பிள்ளை, அந்தப் படியிலை ஒருநாளும் கம்பி இருந்ததில்லை.”

கம்பி எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளக்கினேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. வீட்டை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

செசிலியா மிஸ்ஸிடம் போனேன். எனக்கு அவருக்கு முன்னால் பேச வராது, ஆனாலும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆய்வின் நடுவில் காட்சியை மாற்ற முடியாது, எல்லா நோயாளிக்கும் ஒரே முறைதான், கடைசிச் சோதனை முடிந்ததும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து விளக்கலாம் என்றார். திலக்ஷன் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமலே சொன்னான்: “கம்பிய எடுத்தா இங்கயே தலை சுத்தி விழுவாங்க தனுஜா. அது பரவாயில்லையா?”

அவன் சொன்னதும் சரிதான்.

அக்காவிடமே சொன்னேன். அந்தக் கம்பியை நாங்கள்தான் வரைந்தோம் அக்கா என்றேன். போனைத் திறந்து நான் பிடித்த படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். உடைந்த மூலை, பாசி, கொய்யாவின் வேர். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

“இது அவர் கழட்டினதுக்குப் பிறகு எடுத்தது.”

நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

“நீரும் அவரோடை சேந்திட்டீரோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சனிக்கிழமை அவர் கம்பளைக்குப் போவார், திரும்பி வரும்போது தான் வீதியில் நிற்பதைப் பார்ப்பார் என்றார். கண்கள் பளபளத்தன. அவரை அவ்வளவு சந்தோசமாக நான் அதுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை மழை இல்லை. காலையிலிருந்தே வெயில் எரித்தது. மகேந்திரராசாவுக்குப் போன் எடுத்து அக்காவின் திட்டத்தைச் சொன்னேன். கம்பளையிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார். பக்கத்து வீட்டு நிலூஷாவை இடைக்கிடை எட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பதாகவும், அக்கா தனியாக வாசலைத் தாண்ட மாட்டார் என்றும் சொன்னார். எனக்கு இருக்க முடியவில்லை. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

படிகளின் அடியில் வந்து நிமிர்ந்தபோது அக்கா ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தார்.

அழகாக இறங்கினார். நாங்கள் பழக்கியது போலவே முதுகு நேராக, பார்வை முன்னால், ஒரு கால், பிறகு மறு கால். நல்ல சேலை கட்டியிருந்தார். இடது கை இடுப்புயரத்தில் வெறும் காற்றின் மேல் வழுக்கியபடி அவருடன் கூடவே இறங்கியது.

கூப்பிட வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். அறையில் நாங்கள் சோதித்த விஷயம் அது: நடக்கும்போது யாராவது பேசினால் அவருடைய கால் தடுமாறும். மேலே அவருக்கும் கொய்யா மரத்துக்கும் இடையில் கொஞ்சப் படிகள்தான். வளைவில் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நின்று, மூச்சை விட்டு, முழுப் பாரத்தையும் இடப்பக்கம் சாய்ப்பார்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சத்தம் வராமல் ஏற வேண்டும், அவருக்கு முன் வளைவுக்குப் போக வேண்டும். வெயிலில் சீமெந்து சுட்டது. வளைவை அடைந்ததும் படிக்கு வெளியே, கானின் விளிம்பில் இருந்த ஒரு சாண் மண்ணில் காலை வைத்தேன். ஒரு கையால் கொய்யாக் கொப்பைப் பிடித்தேன். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நின்றேன்.

அக்கா வளைவுக்கு முந்திய கடைசிப் படியில் இறங்கினார். அவர் முகம் எனக்கு மிக அருகில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கண்கள் திறந்திருந்தன, ஆனால் பாலில் கழுவியது போல மங்கிப்போயிருந்தன. முகமெல்லாம் வியர்வை. மரத்த கை என் தோளைத் தொட்டது, தடவியது, விரல்கள் வளைந்து பிடித்தன. பிறகு அவர் சாய்ந்தார்.

இவ்வளவு பாரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கொப்பு வளைந்தது. காலடியில் மண் கொஞ்சம் உதிர்ந்து கானுக்குள் விழும் சத்தம் கேட்டது.

“கம்பியைத் திருப்பிப் பூட்டிப்போட்டார்” என்றார் அக்கா மெதுவாக. தனக்குத்தானே சொல்வது போல இருந்தது. “எனக்குத் தெரியும், அவர் பூட்டுவார்.”

கீழே வீதியில் ஒரு பஸ் நின்று புறப்பட்டது. யாரோ இறங்கியிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை.

“அக்கா” என்றேன். “நான் தனுஜா. இது கம்பி இல்ல. நீங்க வலப்பக்கம் சாயுங்க. மெதுவா வலப்பக்கம்.”

அவர் அசையவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் சுட்டது.

“பொறும்” என்றார். “இன்னும் மணி அடிக்கேல்லை.”