ஆறு இலக்கம் அனுப்புகிறவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல. ஒரு வங்கியின் விளம்பரப் பிரிவு கேட்டு வந்தது. இணையத்தில் கிரெடிட் கார்டால் பணம் கட்டுகிறவர்கள் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று வாடிக்கையாளர்களுக்குக் கதையாகச் சொல்ல வேண்டும். எழுநூறு சொல். நல்ல முடிவு. அந்தப் பிரிவின் அதிகாரி அம்மா போனில் விளக்கினார்.

"சார், பாயின்ட் ஒண்ணுதான். ஓடிபிய* யாருக்கும் சொல்லக் கூடாது."

"பெத்த பொண்ணுக்குமா?" விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"பெத்த பொண்ணுக்கும்தான் சார்."

போனை வைத்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

(*கார்டில் எதையாவது வாங்கும்போது கார்டுக்காரரின் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கம். பத்து நிமிடம் உயிரோடு இருக்கும். உங்களுக்குத் தெரியும்; அதிகாரி அம்மா கட்டாயம் போடச் சொன்னார்.)

2

முதல் தொடக்கம்: "ஒரு மாலை நேரம். வானம் செக்கச்..." [வேண்டாம். வங்கிக்கு வானம் எதற்கு?]

இரண்டாவது: "மின்னணுப் பரிவர்த்தனைகள் பெருகிவரும் இக்காலகட்டத்தில்..." [நானே கொட்டாவி விட்டேன்.]

மூன்றாவது: "லிஃப்ட் மெக்கானிக்கின் கைப்பேசியில் ஆறு இலக்கம் வந்தது."

இது நிற்கும் என்று தோன்றியது.

3

மெக்கானிக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி இல்லை. [எப்போது, எப்படி என்று கேட்காதீர்கள். எழுநூறு சொல்லில் ஒரு சாவுக்கு இடமில்லை.] ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. தனியாகப் போகக் கூடாது என்று இவர் கத்தினார். "போனா அப்படியே போயிடு" என்று ஒரு வார்த்தை வாய் தவறி விழுந்துவிட்டது. அவள் அப்படியே போனாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

ஆனால் அவள் பொருள் வாங்கும் இணையக் கடைகளில், நல்ல நாளில் சேமித்து வைத்த இவருடைய கார்டு அப்படியே கிடந்தது. மாதத்தில் ஒன்றிரண்டு முறை எதையாவது வாங்குவாள். ஓடிபி இவருக்கு வரும். பின்னாலேயே அவளிடமிருந்து ஒரு செய்தி: "நம்பர்?" இவர் ஆறு இலக்கத்தை அனுப்புவார். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவே மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

ஓடிபியோடு கடையின் பெயரும் வரும். அதை வைத்துத்தான் அவர் மகளைத் தெரிந்துவைத்திருந்தார். செருப்புக் கடை. மருந்துக் கடை, என்ன உடம்புக்கோ என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டார். ஒருமுறை குழந்தைகள் துணிக்கடை. யாருக்காவது பரிசாக இருக்கும் என்று ஒரு வாரம் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரீஸ் கையோடு மேலே ஏறி வந்து போனைப் பார்ப்பார். "அண்ணே, சுகர் செக் பண்ணுங்க, அடிக்கடி ஓடுறீங்க" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். ஒருநாள் அவர் ஏறி வருவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. "நம்பர்?" என்பதற்குக் கீழே அவள் இன்னொன்றும் எழுதியிருந்தாள்: "சரி விடுங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."

இரண்டு வருடத்தில் மகள் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. 'விடுங்க' என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

4

இதுவரை எழுதியதை அனுப்பினேன். அதிகாரி அம்மா உடனே அழைத்தார்.

"அப்பாகிட்ட பேச மாட்டா, அப்பா காசுல மட்டும் வாங்குவாளா? பொண்ணு கேரக்டர் அடிபடுதே சார்."

எனக்கும் அந்தப் பெண்மேல் சந்தேகம்தான். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: வாங்கிய அன்றே அந்தத் தொகையைச் சில்லறை குறையாமல் அவர் கணக்குக்கு அனுப்பிவிடுவாள்.

"அப்ப அவ கார்டுலயே வாங்கலாமே? சம்பாதிக்கிற பொண்ணு. அவகிட்ட ஒரு கார்டு இல்லாமயா இருக்கும்?"

கேள்வியிலேயே பதிலும் இருந்தது. அது அவருக்கும் எட்டிவிட்டது.

"சரி சார். மேல எழுதுங்க" என்றார் பிறகு. குரல் இறங்கியிருந்தது.

5

ஆபத்து வந்தாக வேண்டும். வரவழைத்தேன்.

ஒரு பகல், குழியிலிருந்து ஏறி வந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி: "அப்பா, போன் தொலஞ்சிடுச்சு. இது புது நம்பர். இப்ப ஒரு ஓடிபி வரும், சீக்கிரம் அனுப்புங்க அப்பா." சொன்னபடி ஓடிபியும் வந்தது. கேள்விப்படாத கடை. அவருடைய மூன்று மாதச் சம்பளம்.

தெரியாத எண், அவசரம், பெரிய தொகை: வங்கி எச்சரிக்கும் எல்லாமே அதில் இருந்தன. அவருக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. செய்தியில் இரண்டு முறை 'அப்பா' என்று இருந்தது. அதனாலேயே அது மகள் இல்லை என்று தெரிந்துகொண்டார்.

தெரிந்த பிறகும் நான்கு முறை படித்தார்.

[இங்கே, தெரிந்தே ஆறு இலக்கத்தையும் அனுப்பிவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். போன பணம், 'அப்பா' என்று கூப்பிட்டதற்குக் கூலி என்று நினைத்துக்கொள்கிறார். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனால் சந்தேகப்பட்டு அழித்துவிட்டேன்.]

அவர் அனுப்பவில்லை. கார்டின் பின்னாலிருந்த எண்ணை அழைத்து, கார்டை முடக்கச் சொன்னார்.

"உடனே பண்றேன் சார்" என்றாள் போனை எடுத்த வங்கிப் பெண். "பழைய கார்டு எங்கெங்க சேவ் பண்ணியிருக்கோ, அங்கல்லாம் இனிமே வேலை செய்யாது. சரிங்களா?"

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"பண்ணிடும்மா" என்றார்.

6

வங்கிக்கு இதோடு கதை முடிந்தது. பணம் தப்பியது, வாடிக்கையாளர் புத்திசாலி. எனக்குத்தான் முடியவில்லை. அடுத்த முறை அவள் எதையாவது வாங்கப் போவாள். கார்டு செல்லாது என்று திரை சொல்லும். அப்பா வேண்டுமென்றே கதவைச் சாத்திவிட்டார் என்று நினைப்பாள். அதற்குள் இவர் எழுதியாக வேண்டும்.

"கார்டு பிளாக் ஆயிடுச்சு. உடனே எனக்கு போன்..." அழித்தார். திருடனும் இப்படித்தான் எழுதுவான்.

"கண்ணு, எப்படி இருக்கே..." அழித்தார். இரண்டு வருடமாக இலக்கம் மட்டும் அனுப்பிய எண்ணிலிருந்து திடீரென்று 'கண்ணு' வந்தால், அப்பா போனை எவனோ அடித்துவிட்டான் என்றுதான் அவள் பயப்படுவாள்.

எழுதுவது அவரேதான் என்று அவள் நம்ப வேண்டுமானால், அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று வேண்டும். அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் உதவாது. அவை திருடர்களிடமே இருக்கின்றன. கதை முழுக்கத் தேடினேன். கார்டு கொடுத்திருக்கிறேன், சண்டை கொடுத்திருக்கிறேன். சேர்ந்து சிரித்த ஒரு நாளை அவர்களுக்குக் கொடுக்காமலே விட்டிருக்கிறேன். இப்போது அவசரத்துக்கு ஒன்றை இட்டுக்கட்டினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

உங்களோடும் பேசாமல் இருக்கிற ஒருவர் இருப்பார். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றும் இருக்கும். அதை இந்த மனுஷருக்குக் கொஞ்சம் கடன் கொடுங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அதே படியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இவருக்குத் தர மனம் வரவில்லையா? தப்பில்லை. உரியவருக்கே அனுப்பிவிடுங்கள்.