நிற்கும்போது வராத சூடு

மூன்றாவது முறையாகத் தங்கை அந்த வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தியபோது டிகிரிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரே மாதத்தில் மூன்று தடவை, அதே ஹீட்டர். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மெக்கானிக்குக்கு டிகிரி என்று பெயர் வந்த கதை ஊருக்கே தெரியும். யாராவது வந்து சூடு பத்தவில்லை என்று சொன்னால், "எத்தனை டிகிரி குறையுது?" என்று கேட்கிற ஜென்மம் அது. அப்பேர்ப்பட்டவரிடம் கூடப்பிறந்தவளே வந்து வேலை சரியில்லை என்றால் மனுஷன் பொறுப்பாரா?

"போன தடவை அறுபது டிகிரி காட்டிச்சு. உன் கண்ணு முன்னாடிதானே பார்த்தோம்?"

"ஓடும்போது வருதுண்ணா. நிக்கும்போது வரலை."

"முதல் தடவையும் இதையேதான் சொன்ன. வண்டின்னா ஓடுறதுக்குத்தாம்மா. நிக்கிற வண்டியில உக்காந்து என்ன பண்ணப் போற?"

தங்கை பின்சீட்டிலிருந்த ஏழு வயது மகளை இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய், அங்கிருந்த மின் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடந்தது.

டிகிரி ஹீட்டரைச் சோதிக்கிற முறை ஒன்று உண்டு. கதவையெல்லாம் சாத்திக்கொண்டு, காற்றாடியை முழு வேகத்தில் விட்டு, முன்பக்கம் சூடான காற்று வருகிற நடுத் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகி, ஆக்ஸிலரேட்டரை அரையளவு மிதித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்காருவார். முள் ஐம்பதைத் தாண்டினால் வண்டி பாஸ். இருபது வருஷமாக இதுதான் பரீட்சை, இதில் தேறிப் போன வண்டி, தங்கையுடையதைத் தவிர, எதுவும் திரும்பி வந்ததில்லை. முதல் தடவை தங்கையின் வண்டியில், எஞ்சின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுபோகிற கூலன்ட் தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றி, குழாயில் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றி, மிதித்துப் பார்த்தார்: ஐம்பத்தெட்டு. இரண்டாம் தடவை அந்தத் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டை மாற்றி மிதித்துப் பார்த்தார்: அறுபது. பிறகென்ன, ஜம்பமாகச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஹீட்டர் உள்ளுக்குள் ஒழுகினால் தரைவிரிப்பு ஈரமாக இருக்கும். இன்றைக்கு அதைத் தடவிப் பார்க்கத்தான் முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டார். ஒரு பிளாஸ்டிக் டம்ளர் தட்டுப்பட்டது. அதில் இரண்டு பல்துலக்கும் பிரஷ், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பின்சீட்டுக்குக் கீழே போர்வைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. கொக்கியில் குழந்தையின் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கடைசியாகச் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் அட்டைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். நாலு கண்ணாடிக்கும் நாலு அட்டை, அச்சு அசலாக அந்தந்தக் கண்ணாடியின் வடிவத்துக்கு வெட்டியது. அவசரத்துக்கு வெட்டியதில்லை. அளந்து வெட்டி, தினமும் எடுத்து எடுத்துப் பொருத்தியதில் ஓரம் தேய்ந்தது.

டிகிரி அட்டைகளை இருந்தபடியே திரும்ப அடுக்கி வைத்தார்.

இலை உதிர்கிற மாதத்தில் ஒருநாள் தங்கை வீங்கிய கன்னமும் கையில் பையுமாக அவர் வீட்டுக்கு வந்தாள். சாப்பாடு போட்டார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், மறுநாள் காலையில் அந்தப் பையைத் தானே சுமந்துகொண்டு போய் அவளைப் புருஷன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார். குடும்பம் என்றால் நாலும் இருக்கும், அனுசரித்துப் போ என்று புத்தி வேறு சொன்னார். பெரிய சமாதானத் தூதர் என்று நினைப்பு. அந்த மாப்பிள்ளை அதற்கப்புறமும் ஞாயிறு தவறாமல் இவர் வீட்டுக்கு வந்து சீட்டாடிவிட்டுப் போகிறான். "அவ நல்லாருக்கா மச்சான், வேலைதான் ஜாஸ்தி" என்று போன வாரம்கூடச் சொன்னான். பாவி, எப்படி வாய் கூசாமல் சொன்னான்.

டிகிரி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். எஞ்சினை ஓடவிட்டு, தெர்மாமீட்டரைச் செருகி, மிதித்து அறுபதுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் இருபது வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நாலாவது நிமிஷம் நாற்பத்தொன்று. எட்டாவது நிமிஷம் இருபத்தாறு. பன்னிரண்டில் முள் பதினொன்றுக்கு வந்து நின்றது, மூஞ்சியில் அடித்த காற்று தெருவில் அடிக்கிற காற்றைவிடக் கொஞ்சம்தான் தேவலை. இறங்கி பானெட்டைத் திறந்து ஹீட்டருக்குப் போகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் பிடித்துப் பார்த்தார். போகிற குழாய் சுட்டது, வருகிற குழாய் சில்லென்று கிடந்தது. தண்ணீரைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் எப்படியோ தண்ணீரைத் தள்ளிவிடும். மெதுவாகச் சுற்றும்போது அதற்குத் தெம்பில்லை. ஒரே ஒரு தடவை காலை எடுத்துவிட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். தன் கையாலேயே தன் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம்போல இருந்தது அவருக்கு.

ஆபீஸ் அறைக்குள் போனார். குழந்தை மேஜையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "நாப்பது நாள் இருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. நிக்கும்போது வரலைன்னு மூணு தடவை சொன்னேன்."

டிகிரி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டுக்கு வா. இப்பவே கிளம்பலாம்."

"அவர் வந்து கூப்பிட்டா என்ன சொல்லுவே?"

ஒரு வார்த்தை போதும். அனுப்ப மாட்டேன். அந்த ஒரு வார்த்தை வாய்க்கு வருவதற்குள் மனதில் ஞாயிற்றுக்கிழமை வந்தது, சீட்டுக்கட்டு வந்தது, வாசலில் கத்தப்போகிற மாப்பிள்ளையும் எட்டிப் பார்க்கப்போகிற அக்கம்பக்கமும் வந்தன, பெண்டாட்டியின் முகம் வந்தது. ரொம்ப நேரம் ஆகியிருக்காது, மூன்று நொடியோ நாலு நொடியோ. தங்கைக்கு அது போதுமானதாக இருந்தது.

"சூடு வர்றதை மட்டும் சரி பண்ணிக் குடுண்ணா."

"அனுப்ப மாட்டேம்மா. சத்தியமா."

"சரிண்ணா," என்றாள், கடைக்காரனிடம் சொல்வதுபோல.

"இந்த ரூம்லயாவது இரு. சாவியைத் தர்றேன்."

"அவர் வண்டியும் இங்கதானே வேலைக்கு வருது? வேணாம். குடியிருக்க அரசாங்கத்துல இடம் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன், வரிசையில இருக்கோம். வசந்தத்துக்குள்ள கிடைச்சிடும்னு சொன்னாங்க."  அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

அலமாரியில் அந்த ரக வண்டிக்குப் புதுப் பம்ப் ஒன்று இருந்தது. டிகிரி கழற்றினார், மாட்டினார், ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முடுக்கினார். இத்தனை வருஷத்தில் எந்த வேலையையும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.  பிறகு மூன்று பேரும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யாரும் எதையும் மிதிக்கவில்லை. அரைமணி நேரம் ஆகியும் முள் ஐம்பத்தைந்தை விட்டு இறங்கவில்லை. தங்கை கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். வருஷக்கணக்கில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவர் பார்த்ததில்லை, அது அவரை இன்னும் கொன்றது.

"ராத்திரி முழுக்க எஞ்சினை ஓடவிடக் கூடாது," என்றார். தங்கையிடம் சொல்ல வாய் வராமல் பின்சீட்டுப் பக்கம் திரும்பிக் குழந்தையிடம் சொன்னார். "கால்மணி ஓடணும், அப்புறம் அம்மாகிட்ட எஞ்சினை அணைக்கச் சொல்லு. பின்னாடி புகைக் குழாயைப் பனி மூடியிருக்கான்னு இறங்கிப் பார்த்துட்டுத்தான் மறுபடி போடணும். புகை உள்ள தங்கிடும், கண்ணாடியை எப்பவும் முழுசா மூடிடாதீங்க. ஒரு விரல் அளவு திறந்திருக்கணும்."

குழந்தை கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "என் விரலா, உங்க விரலா மாமா?"

"என் விரல்."

"குடுங்க." பையைத் துழாவி ஒரு சிவப்புக் கிரேயானை எடுத்தாள். கண்ணாடி ஓரத்துச் சட்டத்தில், மேல்விளிம்பை ஒட்டி அவர் விரலைப் படுக்கவைத்து, "ஆட்டாம இருங்க" என்று சொல்லிவிட்டு, அதன் அடியில் கோடு கிழித்தாள்.